எண்ணூர் மாணவி கேட்டது: பசுமை வேதியியலால் என்ன பயன்?

கேள்வி: வடசென்னைப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். சுற்றுச்சூழல் பாடத்தின் கடைசியில் பசுமை வேதியியல் என்று கொஞ்சம் வரும். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். இந்த முறை எண்ணூரில் இருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "இதெல்லாம் கண்டுபிடிச்சு இத்தனை வருஷம் ஆச்சுன்னா, அன்னைக்கு ராத்திரி எங்க தெருவுல ஏன் மிஸ் அமோனியா வந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது விளக்க முடியுமா?

பதில்:

டீச்சர், அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி என்று முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகளில் வேலை பார்த்தவன். ரியாக்டர், அதாவது வேதிவினை நடக்கும் பெரிய கலன், பக்கத்தில் நின்று கற்றதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் சொல்லும் ராத்திரி 2023 டிசம்பர் 26. கப்பலில் வரும் திரவ அமோனியாவைக் கரைக்குக் கொண்டுவரக் கடலுக்கடியில் போட்டிருந்த குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு அடைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வலையிலும் படகிலும் ஒட்டிய எண்ணெயைக்கூட அவர்கள் கழுவி முடித்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஒன்று நடந்தவுடன் எல்லோரும் கேட்பது ஒரே வகைக் கேள்விகளைத்தான். குழாயைச் சோதித்தார்களா? அழுத்தம் குறைந்ததும் வால்வு தானாக மூடியதா? சைரன் அடித்ததா? ஊருக்குத் தகவல் போனதா? இவை எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவை அனைத்தும் அமோனியா அங்கே இருக்கும் என்று ஒத்துக்கொண்ட பிறகு வருபவை. பசுமை வேதியியல் இதற்கு ஒரு படி முன்னால் போய்க் கேட்கிறது: இந்தப் பொருள் எதற்கு வேண்டும்? வேறு பொருளால் ஆகாதா? வேண்டுமென்றால் இவ்வளவு எதற்கு? புத்தகத்தில் உள்ள பன்னிரண்டு கொள்கைகளை 1998இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் எழுதினார்கள். அவற்றில் பன்னிரண்டாவது, விபத்து நேர்ந்தாலும் பெரிய கேடு வராத பொருளையும் வடிவத்தையும் தேர்ந்தெடு என்பது. பிள்ளைகள் கடைசிக் கொள்கையை அவசரமாக எழுதிவிட்டுப் பேப்பரைக் கட்டிவிடுவார்கள். எண்ணூரில் இருப்பவளுக்கு அதுதான் முதல் கொள்கை.

இந்த யோசனை பிரிட்டனில் ட்ரெவர் கிளெட்ஸ் என்ற வேதிப் பொறியாளரிடம் முன்பே இருந்தது. 1974 ஜூன் மாதம் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு ஆலையில் சைக்ளோஹெக்ஸேன் ஆவி வெடித்து 28 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் இன்னும் நல்ல காவல், இன்னும் நல்ல கருவி என்று பேசிக்கொண்டிருந்தபோது, கிளெட்ஸ் ஒரே வரியில் சொன்னார்: உன்னிடம் இல்லாத பொருள் கசியாது. கேட்பதற்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் போல இருக்கும். ஆனால் ஆலை கட்டும்போது யாரும் அதை யோசிப்பதில்லை. டாங்க் பெரிதாக இருந்தால் உற்பத்தி தடைபடாது, மலிவாக வரும்போது வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கணக்குப் போடுவார்கள்.

அப்படிக் கணக்குப் போட்டதற்கு நம் நாடு கொடுத்த விலை போபால். 1984 டிசம்பர் 2 இரவு கசிந்த மெத்தில் ஐசோசயனேட் சுமார் 40 டன். அந்த ஆலை விற்றது கார்பரில் என்ற பூச்சிமருந்து. மெத்தில் ஐசோசயனேட் நடுவில் வரும் இடைப்பொருள் மட்டும்தான். மெத்தில் அமினையும் ஃபாஸ்ஜீனையும் முதலில் சேர்த்தால் மெத்தில் ஐசோசயனேட் கிடைக்கும், அதை நாஃப்தாலோடு சேர்த்தால் கார்பரில். இதே மூன்று பொருள்களை வைத்துக்கொண்டு வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாஃப்தாலையும் ஃபாஸ்ஜீனையும் முதலில் சேர்த்து, வருவதோடு கடைசியில் மெத்தில் அமினைச் சேர்த்தாலும் அதே கார்பரில்தான் வரும். நடுவில் மெத்தில் ஐசோசயனேட் உருவாகவே உருவாகாது. இந்த வழி அப்போதே தெரிந்ததுதான். ஃபாஸ்ஜீன் இரண்டு வழியிலும் இருக்கிறது, அதுவும் கொடிய விஷம், அதனால் இரண்டாவது வழி முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 40 டன் டாங்க் இருந்திருக்காது.

வகுப்பில் இந்த ஒரு வினையை இரண்டு வரிசையிலும் போர்டில் எழுதிக் காட்டுங்கள், டீச்சர். சமன்பாட்டில் எதை முதலில் எழுதுகிறோம் என்பதில் ஒரு ஊரின் உயிர் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு அந்த நிமிஷத்தில் புரிந்துவிடும். நான் கல்லூரியில் படித்தபோது எனக்கு யாராவது இப்படிக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆபத்தை அடியோடு எடுத்துவிட்ட ஊர்களும் இருக்கின்றன. வாஷிங்டன் நகரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமி கொல்வதற்காகக் குளோரின் வாயுவை ரயில் டாங்கர்களில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஒரு டாங்கர் உடைந்தால் நகரத்தின் கதி என்ன என்று பயந்து, சில வாரங்களிலேயே குளோரின் வாயுவை நிறுத்திவிட்டு சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறினார்கள். நம் வீட்டு பிளீச்சிங் திரவத்தின் அண்ணன்தான் அது. கொட்டினால் கை எரியும், துணி வெளுக்கும், காற்றில் பரவி இரண்டு மைல் தள்ளித் தூங்குகிறவரைக் கொல்லாது. பல வருஷமாக யோசனையிலேயே கிடந்த மாற்றம், வேண்டும் என்று வந்தபோது சில வாரத்தில் நடந்துவிட்டது.

இப்போது அமோனியாவுக்கு வருகிறேன். இங்கே உங்கள் மாணவியிடம் உண்மையை ஒளிக்கக் கூடாது. போபால் டாங்கைப் போல அமோனியாவை ஒரே வெட்டாக வெட்டி எறிய முடியாது. ரசாயனத் தழைச்சத்து உரம் ஏறக்குறைய எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது, நாம் சாப்பிடும் சோற்றில் இருக்கும் நைட்ரஜனில் கிட்டத்தட்டப் பாதி ஏதோ ஒரு ஆலையில் அமோனியாவாக இருந்து வந்ததுதான். அதைச் செய்யும் ஹேபர் முறை நூறு வருஷத்துக்கு மேலாக 400, 500 டிகிரி சூட்டிலும் இருநூறு மடங்கு காற்றழுத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரண சூட்டில், குறைந்த அழுத்தத்தில், தேவைப்படும் இடத்திலேயே தேவைப்படும் அளவு அமோனியா செய்ய உலகமெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. அவரைச் செடியின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா அதைத் தினமும் சத்தமில்லாமல் செய்கிறது, நம்மால் தொழிற்சாலை அளவில் இன்னும் முடியவில்லை.

ஆனால் 'எதற்கு இவ்வளவு' என்ற கேள்வி அமோனியாவுக்கும் பொருந்தும். வயலில் போடும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை, காற்றிலும் நீரிலும் போய்விடுகிறது. 2015இல் இருந்து நம் நாட்டு யூரியாவில் வேப்பெண்ணெய் பூசி விற்பதற்குக் காரணங்களில் ஒன்று இதுதான்: வேம்பு, மண்ணில் யூரியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது, பயிருக்கு எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தஞ்சாவூர் வயலில் வீணாகும் தழைச்சத்து குறைந்தால், கடலோரத்தில் கப்பலில் இருந்து இறங்க வேண்டிய அமோனியாவும் அந்த அளவுக்குக் குறையும். அதோடு, எவ்வளவு சேர்த்து வைக்கிறோம், ஜனங்கள் தூங்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் குழாய் போடுகிறோம் என்பதெல்லாம் வேதியியலைத் தாண்டி அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் முடிவு செய்கிற விஷயம். அங்கே பசுமை வேதியியலால் செய்ய முடிவது, மாற்று வழி இருக்கிறது என்று காட்டுவது மட்டும்தான். மாற்று இருப்பது தெரிந்த பிறகு வேறு வழியே இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது, அதுவே எவ்வளவோ பெரிய விஷயம்.

வேறு வழி இல்லை என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் வடசென்னை இப்படி ஆனது என்பது என் எண்ணம். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழிற்பேட்டைகளை அளந்து மதிப்பெண் போட்டபோது, 70க்கு மேல் எடுத்தவை கடுமையாக மாசுபட்ட இடங்கள் என்றார்கள். மணலி 76க்கு மேல் எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் அங்கே சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாமல் இல்லை. குழாயின் கடைசி நுனியில் போய் அழுக்கைப் பிடிப்பது என்ற வழியில்தான் எல்லோரும் நின்றார்கள். முதல் நுனியை யாரும் பார்க்கவில்லை.

முதல் நுனியைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மணலியோடே தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. சலவைத் தூள். 1950களில் சோப்புக்குப் பதிலாகச் செயற்கை டிடர்ஜென்ட் வந்தபோது, அதில் போட்ட மூலக்கூறின் கார்பன் சங்கிலி கிளைகிளையாக இருந்தது. அழுக்கை நன்றாக எடுத்தது, ஆனால் ஆற்றில் இருக்கும் பாக்டீரியாவால் அந்தக் கிளைகளைக் கடித்துத் தின்ன முடியவில்லை. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் மேல் நுரை மலை மலையாக மிதந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீரிலும் நுரை வந்தது. நுரையை அள்ள எந்திரம் செய்வதில் அவர்கள் நின்றுவிடவில்லை. மூலக்கூறை மாற்றினார்கள். கிளை இல்லாத நேரான சங்கிலி வைத்தால் பாக்டீரியா ஒரு முனையில் இருந்து வரிசையாகத் தின்றுகொண்டே போகும். 1960களின் நடுவில் இரண்டு நாடுகளிலும் கிளைச் சங்கிலி போய் நேர்ச்சங்கிலி வந்துவிட்டது. பன்னிரண்டு கொள்கைகளில் பத்தாவது, வேலை முடிந்ததும் சிதைந்துபோகும்படி பொருளை வடிவமைப்பது. கொள்கையை எழுதுவதற்கு முப்பது வருஷம் முன்பே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்த நேர்ச்சங்கிலிப் பொருளைச் செய்ய வேண்டிய மூலப்பொருள்தான் லீனியர் அல்கைல் பென்சீன், தொழிலில் எல்லோரும் 'லேப்' என்பார்கள். மணலியில் அதைத் தயாரிக்கும் ஆலை 1980களில் இருந்து ஓடுகிறது. நம் வீட்டுச் சலவைத் தூளில் அதிலிருந்து செய்த பொருள் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஏன் அவ்வளவு நுரை என்று கேட்பார்கள், கேட்க வேண்டும். 2019இல் கரை முழுக்க வெள்ளையாக நுரை தள்ளியதும், சின்னப் பிள்ளைகள் அதில் குதித்து விளையாடியதும் ஊரே பார்த்தது. நேர்ச்சங்கிலியைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒழுங்காகக் காற்று ஊட்டும் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தப் பொருள் 95 சதவீதத்துக்கு மேல் சிதைந்துவிடும். அடையாற்றிலும் கூவத்திலும் சாக்கடை நேராக இறங்கி, தண்ணீர் கறுத்து, ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கிறது. அந்தக் கறுப்புத் தண்ணீரில் அது சிதையாமல் காத்திருந்து, வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்ததும் முகத்துவாரத்துக்கு அடித்துவரப்பட்டு, அலையில் கடைந்து நுரையாகிறது. மூலக்கூறை நல்லபடியாகச் செய்தாலும், ஆற்றை நாம் கொன்றுவிட்டால் அந்த நல்லது வேலை செய்யாது. இந்த இடத்தைச் சொல்லாமல் பசுமை வேதியியலைப் புகழ்ந்து பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும்.

இனி நான் கையால் தொட்ட விஷயத்துக்கு வருகிறேன். மருந்து மூலப்பொருள் ஆலைக்குள் போனால் மருந்தைவிடச் சால்வென்ட்தான், அதாவது கரைப்பான்தான், கண்ணில் படும். ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் 1992இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு வருகிறது? எண்ணெய் சுத்திகரிப்பில் நூறு கிராம்கூட வருவதில்லை. மருந்துத் தொழிலில் 25 கிலோவில் இருந்து 100 கிலோவுக்கு மேல்கூடப் போகிறது. இதைப் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை, அப்புறம் நாங்கள் செய்த ஒரு பொருளுக்கே பேட்ச் ஷீட்டை வைத்துக் கூட்டிப் பார்த்தேன், நம்பினேன். அதில் பெரும்பகுதி சால்வென்ட்தான்.

நான் இருந்த ஒரு சின்ன ஆலையில் எம்டிசி அதிகம் ஓடியது. முழுப்பெயர் மெத்திலீன் டைகுளோரைடு. எதையும் கரைக்கும், தீப்பிடிக்காது, விலை குறைவு, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது 40 டிகிரியில் கொதிக்கும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வெயிலே 40ஐத் தொடும். மே மாதம் டிரம்மின் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும், ஆவியைக் குளிரவைத்துத் திரும்பத் திரவமாக்கும் கண்டென்சருக்குள் ஓடும் குளிர்ந்த தண்ணீரும் போதாது, வாங்கியதில் ஒரு பங்கு காற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காற்றை மூச்சாக இழுத்தவர்கள் ஆபரேட்டர்கள். சாயங்காலம் தலைவலிக்கிறது சார் என்பார்கள், டீ குடித்துவிட்டு வா என்று அனுப்புவோம். உடம்புக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது என்று எனக்குத் தெரிந்தபோது நான் அந்த வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த டீ விஷயம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதை எத்தில் அசிட்டேட்டுக்கு மாற்றலாம் என்று சொன்னேன். வார்னிஷிலும் நெயில் பாலிஷிலும் இருக்கும் பழ வாசனைப் பொருள்தான். 77 டிகிரியில்தான் கொதிக்கும், மே மாதத்திலும் டிரம்மில் அடங்கி இருக்கும், திரும்பப் பிடித்துப் பயன்படுத்துவது சுலபம். முதலாளி மூன்று காரணம் சொல்லி மறுத்தார், மூன்றும் நியாயமானவை. ஒன்று, எம்டிசி தீப்பிடிக்காது, எத்தில் அசிட்டேட் பிடிக்கும், எனவே மோட்டார், சுவிட்ச் எல்லாம் ஃபிளேம்புரூஃபாக, அதாவது உள்ளே பொறி வந்தாலும் வெளியே தீ பரவாதபடி, மாற்ற வேண்டும். இரண்டு, யீல்டு, அதாவது கடைசியில் கிடைக்கும் பொருளின் அளவு, கொஞ்சம் குறைந்தது. மூன்று, மருந்துக் கம்பெனிக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்த செய்முறையை மாற்றினால் திரும்ப அத்தனை சோதனையும் செய்து அனுமதி வாங்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய முட்டுக்கட்டை. நம் ஊர்ச் சின்ன ஆலைகள் பழைய செய்முறையிலேயே கிடப்பதற்குச் சோம்பேறித்தனத்தைவிட இதுதான் காரணம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு புதிய பொருள் வந்தது, இன்னும் யாருக்கும் செய்முறை எழுதிக் கொடுக்காத பொருள். அதில் முதல் நாளில் இருந்தே எத்தில் அசிட்டேட் வைத்தோம். திரும்பப் பிடித்த சால்வென்டின் கணக்கை மாதக் கடைசியில் பார்த்த பிறகு முதலாளியே பழைய பொருளுக்கும் விண்ணப்பம் போடலாமா என்று கேட்டார். என் அனுபவத்தில் நான் கற்ற ஒரே பெரிய விஷயம் இதுதான்: மாற்றத்தை லேபில், நூறு மில்லி குடுவையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். ரியாக்டருக்குப் போன பிறகு மாற்றுவது பத்து மடங்கு கஷ்டம். அதனால்தான் ஆலை அதிகாரிகளைவிட உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் அதிகம் நம்புகிறேன்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மூச்சுக்குப் பாதுகாப்பானது தீக்குப் பாதுகாப்பானதாக இல்லை. பன்னிரண்டு கொள்கைகளும் ஒன்றோடொன்று கைகோத்து நடக்கும் என்று புத்தகம் படிக்கும்போது தோன்றும், வேலையில் இறங்கினால் அவை சண்டை போடும். எல்லோரும் எடுத்துக்காட்டும் இபுப்ரோஃபென் கதையே அப்படித்தான். வலி மாத்திரை, எல்லோர் வீட்டிலும் இருக்கும். பழைய முறையில் ஆறு படி, உள்ளே போடும் அணுக்களில் 40 சதவீதம்தான் மருந்தில் போய்ச் சேரும், மற்ற 60 கழிவு. 1992இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஓடத் தொடங்கிய புதிய முறையில் மூன்றே படி, 77 சதவீதம் மருந்துக்குப் போகிறது, கூடவே வரும் அசிட்டிக் அமிலத்தையும் விற்றால் 99. அதற்கு 1997இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் முதல் படியில் வினையூக்கியாக அவர்கள் வைத்தது ஹைட்ரஜன் ஃபுளோரைடு, தோலில் பட்டால் எலும்பு வரை போகும். ஏறக்குறைய முழுவதையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், கழிவு அனேகமாக இல்லை. ஆனால் இடைவிடாமல் அதைக் காவல் காக்க வேண்டும். கழிவே வராமல் செய் என்ற முதல் கொள்கைக்கு நூற்றுக்கு நூறு வாங்கிய செய்முறை பன்னிரண்டாவதில் தடுமாறுகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று பயப்படாதீர்கள். குழம்பட்டும், அந்தக் குழப்பத்துக்குள்தான் எங்கள் வேலையே இருக்கிறது.

சென்னைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு இடம் குரோம்பேட்டை. அந்தப் பெயரைத் தினமும் ரயிலில் கேட்கிறார்கள், குரோமியம் என்ற தனிமத்தில் இருந்து வந்த பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? குரோம் லெதர் கம்பெனி இருந்த இடம் அது. அதற்கு முன்பு மதராஸில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள், வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு ஒரே நாளில் செய்துவிடும், தோலும் மெத்தென்று வரும், சூட்டைத் தாங்கும். ஆனால் வழக்கமான முறையில் போட்ட குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும், மீதி கழிவுநீரில் போகும். பாலாற்றங்கரை ஊர்கள் பட்டதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

அடையாற்றில் 1948இல் இருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதில் முதல் நுனியில் வேலை செய்திருக்கிறது. தண்ணீர் சேர்க்காமலே குரோம் பதனிடும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். தண்ணீரில் கரைத்து ஊற்றினால்தானே மிச்சம் வழிந்தோடும்? தோலில் இருக்கும் ஈரத்திலேயே உப்பை ஏறவைத்தால் குரோமியம் வீணாகாது, அந்தப் படியில் கழிவுநீரும் வராது. ஆலைக்காரருக்கு உப்புச் செலவு மிச்சம், ஊர்க் கிணற்றுக்கு நல்லது. பழைய ஆவாரம்பட்டைக்கே திரும்பிவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஆவாரம்பட்டைமேல் மரியாதை உண்டு, ஆனால் அதன் கழிவுநீரும் லேசில் மக்காது, கறுப்பாக ஓடும். இயற்கையில் இருந்து வந்தது எல்லாம் சாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

'பசுமை' என்று பெயர் ஒட்டி விற்பதையும் அவர்கள் சந்தேகப்படக் கற்க வேண்டும். மக்காச்சோள மாவுச்சத்தில் இருந்து செய்யும் பிளாஸ்டிக் டம்ளர் மக்கும் என்று எழுதியிருப்பார்கள். அது மக்க 60 டிகிரியை ஒட்டிய சூடு உள்ள உரக்கிடங்கு வேண்டும், கொடுங்கையூர் குப்பைமேட்டில் போட்டால் பல வருஷம் அப்படியே கிடக்கும். பசுமைப் பட்டாசும் புகையைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. எவ்வளவு குறைகிறது, எங்கே அளந்தார்கள் என்று கேட்கும் பழக்கம் வந்தால் போதும்.

இனி, வகுப்பில் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பள்ளி லேபில் கண்ணாடிப் பொருள் கழுவ ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டில் பல இடங்களில் வைத்திருப்பார்கள், பொட்டாசியம் டைகுரோமேட்டை அடர் சல்ஃபூரிக் அமிலத்தில் கரைத்தது. நான் படித்த காலத்தில் அதைக் கழுவி நேராகச் சிங்க்கில் விடுவோம். அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலைக்குப் பக்கத்தில் மலைபோல் குவிந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதும் அதுதான். உங்கள் லேபில் அந்தப் பாட்டில் இருந்தால் இனி புதிதாகக் கரைக்க வேண்டாம், சோப்புத்தூளும் சோடா உப்பும் சேர்த்த வெந்நீரில் ஊறவைத்தால் பள்ளி வேலைக்குத் தாராளமாகப் போதும்.

மிச்சம் இருப்பதைக் கொட்டவும் வேண்டாம், டீச்சர். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்து, நீங்களே செய்யுங்கள். பெரிய பிளாஸ்டிக் வாளியில் நிறையத் தண்ணீர் வைத்து, அதற்குள் இந்தக் கரைசலைச் சிறுகச் சிறுக விடுங்கள், தண்ணீரை அமிலத்தில் ஒருபோதும் ஊற்றக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். ஆறியதும் ஃபெரஸ் சல்ஃபேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். ஆரஞ்சு மங்கி மங்கி, ஒரு கட்டத்தில் கரைசல் முழுவதும் பச்சையாகிவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் போய், ஆபத்து குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம் வந்துவிட்டது. பிறகு சுண்ணாம்பை மெதுவாகச் சேர்த்தால் சேறு மாதிரி அடியில் படியும், அதை வடிகட்டி, உலர்த்தி, மூடிய டப்பாவில் பெயர் எழுதி வைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் மட்டும் கொடுங்கள். அந்தப் பச்சை வரும்போது தள்ளி நிற்கும் பிள்ளைகளில் எண்ணூர்ப் பெண்ணை முன் வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். எத்தனை கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் வேண்டும் என்ற கணக்கையும் அவளே போடட்டும்.